ஆறுகளை எந்தக் கட்டத்தில் அடைப்பது?

வடசென்னையில் வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ ஒரு மாலை வகுப்பு. ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கலந்து இருபத்தைந்து பிள்ளைகள். கையில் முக்கால் மணி நேரம். உலகின் நீளமான ஆறுகளைச் சொல் விளையாட்டு வழியாகப் பழக்க வேண்டும். சொல்தேடல் கட்டம், குறுக்கெழுத்து, எழுத்து மாற்று, பொருத்துக, பலகையில் வாய்மொழி விளையாட்டு என்று வழிகள் பல. பெரும்பாலானவர்கள் சொல்தேடலைத்தான் எடுக்கிறார்கள், ஏனென்றால் இருபது நிமிடத்தில் தயாராகிவிடும். ஆனால் எதையும் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஆறுகளைப் பற்றி ஒன்றுமே தெரியாத பிள்ளை இந்தத் தாளை முழுதாக முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அது எழுத்துப் பயிற்சி. அதற்கும் ஒரு இடம் உண்டு, ஆனால் அதைப் புவியியல் என்று கணக்கில் எழுத வேண்டாம்.

எந்த வழியானாலும் முதல் வேலை எழுத்தை எண்ணுவது. தமிழில் ஒரு கட்டம் என்பது ஒரு எழுத்து. நைல் என்பது நை, ல் என இரண்டே கட்டம். அமேசான் நான்கு, மிசிசிப்பி ஐந்து, பிரம்மபுத்திரா எட்டு. பெரியவர்களுக்கு இது சொல்லவே தேவையில்லாதது போலத் தெரியும். பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். கைதட்டி எண்ணச் சொன்னால் அ-மே-சான் என்று மூன்று தட்டில் முடித்துவிடுவார்கள், ஏனென்றால் புள்ளி எழுத்துக்குத் தனியாகத் தட்ட வராது. எழுதச் சொன்னாலோ எதிர்ப்பக்கம் போவார்கள். கொம்பை முதலில் போடுகிற பழக்கத்தில் ஒரு கட்டத்தில் கொம்பு, அடுத்த கட்டத்தில் ம, சா-வின் காலுக்கு இன்னொரு கட்டம் என்று இழுத்துப் போய், பெயர் கட்டத்துக்கு வெளியே வழிந்துவிடும். தாளைக் கொடுக்கும் முன் இரண்டு பெயரைப் பலகையில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டினால் போதும்: அ | மே | சா | ன்.

கணினிக்கும் இதே தடுமாற்றம்தான். ஆங்கிலத்துக்காகச் செய்த இணையதளக் கட்டக் கருவிகளில் பல, தமிழில் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனி எழுத்தாக எடுத்துக்கொள்ளும். நைல் நான்கு கட்டமாகும், மிசிசிப்பி பத்துக் கட்டமாகும், ஒற்றைக் கொம்பும் புள்ளியும் வட்டத்தோடு அந்தரத்தில் தொங்கும். எக்செல் போன்ற விரிதாளில் நீளம் காட்டும் சூத்திரமும் அப்படியே 4, 10 என்றுதான் சொல்லும். ஆகவே கருவியை நம்பாமல், விரிதாளில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கையால் அடிப்பதே மேல். பிள்ளைகள் எழுதும் தாளுக்குக் கட்டம் 1.2 சென்டிமீட்டர் இருக்கட்டும், அதாவது வரி உயரம் 34 பாயிண்ட். ணை, கோ போன்றவை அதற்குக் குறைந்த இடத்தில் நெருக்கியடிக்கும். தேடி வட்டமிட மட்டும் என்றால் 1 சென்டிமீட்டர் போதும்.

இன்னொன்று எழுத்துக்கூட்டல். அமேசான், அமேஸான், அமேசன். மீகாங், மேகாங். யாங்சி, யாங்ட்சி. புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், கட்ட எண்ணிக்கையும் கூடவே மாறும். யாங்சி என்றால் மூன்று, யாங்ட்சி என்றால் நான்கு. பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் உள்ளதை எடுத்து, பெயர்ப் பட்டியலை ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

சொல்தேடல்: சுலபம், ஆனால் ஓட்டை பெரிது

10க்கு 10 கட்டம். அமேசான், யாங்சி, மிசிசிப்பி, மிசூரி, யெனிசி, மஞ்சளாறு, பரானா, காங்கோ, ஆமூர், நைஜர், மெக்கன்சி, மீகாங் என்று பன்னிரண்டு பெயர். எண்ணிப் பார்த்தால் 43 எழுத்து. மீதி 57 கட்டத்தில் எதை நிரப்புவது என்பதில்தான் தமிழ்க் கட்டம் கெட்டுப்போகிறது. 247 எழுத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் ஙூ, ஞௌ, ழீ என்று வந்து நிற்கும். பிள்ளைக்குத் தேட வேண்டிய அவசியமே இருக்காது, படிக்கக்கூடியதாகத் தெரிவதெல்லாம் ஆறுதான். நிரப்பு எழுத்துகளையும் அதே ஆற்றுப் பெயர்களிலிருந்து எடுங்கள்: சி, கா, ங், ன், ரா, மி. அப்போது ‘காங்’ என்று கண்ட இடமெல்லாம் காங்கோ ஆகாது, நின்று பார்க்க வேண்டிவரும். இதில் ஒரு பக்க விளைவு உண்டு. தற்செயலாக இன்னொரு பரானா உருவாகிவிடலாம். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை கட்டம் முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். நைல், ஓப், லீனா போன்ற ஈரெழுத்துப் பெயர்களைக் கட்டத்தில் போடவே வேண்டாம், அவை எங்கே வேண்டுமானாலும் முளைத்துவிடும்.

வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் ஒளித்து வைப்பது ஆங்கிலக் கட்டத்தில் வழக்கம். தமிழில் அது ‘ர்மூஆ’ என்று மெய்யெழுத்தில் தொடங்கும் உருவம் ஆகிவிடுகிறது. கண் அதைச் சொல்லாகவே ஏற்காது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வேண்டுமானால் ஒரு குறுக்குச் சாய்வு, அவ்வளவு போதும்.

ஓட்டை எதுவென்றால், பெயர்ப் பட்டியலைப் பக்கத்தில் கொடுத்துவிட்டால் பிள்ளை படம் பார்த்துப் படம் பொருத்துகிறது. யெனிசி எங்கே ஓடுகிறது என்பது அதற்குத் தேவையே இல்லை. இதற்கு இரண்டு மருந்து. பட்டியலை எடுத்துவிட்டுத் துப்புகளைக் கொடுப்பது ஒன்று. மற்றது மிச்ச எழுத்துத் தந்திரம்: கண்டுபிடித்த பெயர்களை அடித்துவிட்டால் மீதிக் கட்டங்கள் வரிசையாகப் படிக்கக் கூடிய ஒரு வாக்கியமாக வர வேண்டும். ‘எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேரும் கொசஸ்தலையாறு’ என்பதில் 27 எழுத்து. மேலே சொன்ன பன்னிரண்டு பெயரின் 43 எழுத்தோடு கூட்டினால் 70. பத்துக்கு ஏழு கட்டத்தில் ஒரு கட்டம்கூட வீணாகாமல் உட்கார்ந்துவிடும். பெயர்கள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது என்பதே ஒரே நிபந்தனை, ஏனென்றால் ஒரு வெட்டுக்கு ஒரு கட்டம் உபரியாகிவிடும். ஒரு ஆறு தப்பினாலும் வாக்கியம் உளறும், பிள்ளை தானாகவே திரும்பித் தேடும். திருத்துகிற வேலை நமக்கு இல்லை. பூண்டி வழியாக வந்து எண்ணூரில் கடலைத் தொடும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 136 கிலோமீட்டர். நைலின் 6,650 கிலோமீட்டரில் இதைப் போல 49 ஆறுகள் வரிசையாகப் படுக்கும் என்று சொன்னால் அந்த எண்ணுக்கு ஒரு அளவு கிடைக்கிறது.

குறுக்கெழுத்து: உழைப்பு அதிகம், பலனும் அதிகம்

முதல் தடவை இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். தமிழில் குறுக்கெழுத்துப் பின்னுவது கடினமாக இருப்பதற்குக் காரணம் எழுத்துகள் அதிகம் என்பதுதான். இரண்டு பெயரில் ஒரே உயிர்மெய் வந்தால்தான் வெட்ட முடியும். ‘கா’வும் ‘க’வும் உறவே இல்லாத இரண்டு எழுத்து. கூடவே, புள்ளி எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஆகவே யாங்சியின் ‘ங்’ கட்டத்திலிருந்து கீழே ஒரு பெயரைத் தொடங்க முடியாது, அதன் மேல் ஒரு பெயரை முடிக்கவோ கடக்கவோதான் முடியும். மீகாங் மேலிருந்து வந்து அந்த ‘ங்’கில் இறங்கலாம்.

ஆற்றுப் பெயர்களில் அடிக்கடி கைகொடுப்பவை ‘சி’, ‘ங்’, ‘கா’ மூன்றும். சி யாங்சி, யெனிசி, மெக்கன்சி, மிசிசிப்பி, சிந்து எல்லாவற்றிலும் உண்டு. நைலும் நைஜரும் ஒரே கட்டத்திலிருந்து ஒன்று குறுக்காகவும் ஒன்று கீழாகவும் கிளம்பலாம். இப்படிப் பின்னிய ஒரு சிறு கட்டம், விடையோடு:

■ நை ■ ■ ■ ■ ■ ■ ■ ■
வோ ல் கா ■ ■ மி சி சி ப் பி
■ ■ ங் ■ ■ சூ ■ ந் ■ ■
■ ■ கோ தா வ ரி ■ து ■ ■

நான்கு வரி, பத்து நிரல், ஏழு ஆறு, எழுத்து விழும் கட்டம் 17. ஆறு வெட்டுகள்: ல், கா, கோ, ரி, மி, சி. மிசூரியும் மிசிசிப்பியும் ஒரே ‘மி’யில் பிறப்பது நிலத்தில் நடப்பதற்கு நேர் எதிர். அங்கே செயின்ட் லூயிஸ் நகருக்குச் சற்று மேலே மிசூரி போய்க் கலக்கிறது. பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிடலாம். எண் போடுவது மேல் வரியிலிருந்து இடமிருந்து வலமாக. நைல் 1 மேலிருந்து கீழ், வோல்கா 2 இடமிருந்து வலம், காங்கோ 3 கீழ், ‘மி’ கட்டத்துக்கு 4 இரு திசையிலும், சிந்து 5 கீழ், கோதாவரி 6 வலம்.

இனித் துப்பு. குறுக்கெழுத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதிகம் சொதப்புவதும் இதில்தான். ‘சீனாவில் ஓடும் ஆறு (3)’ என்று எழுதினால் யாங்சி, மீகாங், ஆமூர் மூன்றுமே மூன்றெழுத்து, மூன்றுமே சரியான விடை. ‘ஆப்பிரிக்க ஆறு (3)’ என்றால் காங்கோ, நைஜர். ‘ரஷ்ய ஆறு (3)’ என்றால் வோல்கா, யெனிசி, ஆமூர். நாட்டின் பெயர் துப்பே ஆகாது. அந்த ஆற்றுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு குணம் வேண்டும். மேலுள்ள கட்டத்துக்கு இப்படி எழுதலாம்.

நைல்: வெள்ளை, நீலம் என இரு கிளைகள் கார்ட்டூமில் கூடி, மத்தியதரைக் கடலில் சேரும் (2). வோல்கா: ஐரோப்பாவின் மிக நீளமான ஆறு, ஆனால் இது சேரும் கடலுக்கு வேறெந்தக் கடலோடும் தொடர்பில்லை (3). காங்கோ: நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்கும், இரு நாட்டுத் தலைநகரங்கள் இதன் இரு கரையில் எதிரெதிரே நிற்கும் (3). மிசூரி: தான் போய்ச் சேரும் ஆற்றைவிடச் சற்றே நீளம் (3). மிசிசிப்பி: மேற்சொன்ன ஆற்றை வாங்கிக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும் (5). சிந்து: திபெத்தில் பிறந்து, லடாக் வழியாக வந்து, பாகிஸ்தானில் அரபிக்கடலைத் தொடும் (3). கோதாவரி: அரபிக்கடலுக்குப் பக்கத்தில் நாசிக் அருகே பிறந்தும், அதற்கு முதுகைக் காட்டி 1,465 கிலோமீட்டர் கிழக்கே ஓடும் (4).

உலகப் பட்டியலில் கோதாவரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வெட்டுக்கு ‘கோ’ தேவைப்பட்டது என்பது ஒரு காரணம். தெரிந்த ஆறு ஒன்றிரண்டு கட்டத்தில் இருந்தால் தெரியாத ஆறுகளுக்கு எழுத்து இரவல் கிடைக்கும் என்பது பெரிய காரணம். ஏழு பெயருக்கு இரண்டு என்ற கணக்கு சரியாக வரும். ஏழுமே அந்நியமாக இருந்தால் பிள்ளை ஐந்து நிமிடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிடும்.

‘உலகின் மிக நீளமான ஆறு’ என்று மொட்டையாக எழுத வேண்டாம். பாடப்புத்தகங்கள் நைல் 6,650, அமேசான் 6,400 என்று தரும். பிரேசில் ஆய்வாளர்கள் 2007இல் அமேசானுக்குப் புதிய மூலம் காட்டி அதுதான் நீளம் என்றார்கள். எங்கே பிறக்கிறது, முகத்துவாரத்தில் எதை முடிவாகக் கொள்வது என்பதைப் பொறுத்து எண் நகரும். நீரின் அளவில் அமேசானுக்குப் போட்டியே இல்லை, அதைத் துப்பாக்குங்கள். மிசிசிப்பியிலும் இதே சிக்கல். தனியாக அளந்தால் சுமார் 3,770 கிலோமீட்டர், மிசூரியோடு சேர்த்து மூல ஓடை வரை அளந்தால் சுமார் 6,275. பட்டியலில் நான்காம் இடம் சேர்த்து அளந்ததற்குத்தான். ஆகவே நீள எண்ணைத் துப்பாக வைக்காமல், விடை வந்தபின் பக்கத்தில் எழுதச் செய்வது பாதுகாப்பு.

மஞ்சளாறு என்று போடும்போது ‘சீனாவில்’ என்ற சொல் கட்டாயம். தேனி மாவட்டத்தில் தேவதானப்பட்டி அருகே மஞ்சளாறு அணை இருக்கிறது, அந்தப் பக்கத்து உறவுக்காரர் உள்ள பிள்ளை ஒன்று கையைத் தூக்கும். இதேபோல, புத்தகம் கழிமுகம் என்று சொல்வதை எண்ணூர், காசிமேடு பிள்ளைகள் முகத்துவாரம் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடுவது அவர்கள் வீட்டுப் பேச்சு. துப்பில் அந்தச் சொல்லையே போடலாம்.

எழுத்து மாற்றும், குறி நீக்கிய பெயரும்

எழுத்துகளைக் கலைத்துக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. மூன்றெழுத்துப் பெயருக்கு இது ஒத்துவராது. யாங்சியைக் கலைத்தால் ஆறு வரிசைதான், அதில் ‘ங்’ முதலில் வரும் இரண்டும் தானாகக் கழிந்துவிடும். மிசிசிப்பிக்குக் கணக்குப்படி 60 வரிசை உண்டு, ஆனால் ‘ப்’புக்குப் பின்னால் ‘பி’தான் வரும் என்று தமிழ் படித்த கண்ணுக்குத் தெரியும் என்பதால் அது 12 ஆகச் சுருங்கிவிடுகிறது. வகுப்பு தொடங்கும்போது எல்லோரும் வந்து சேரும்வரை பலகையில் ஓடவிடலாம், அதற்கு மேல் மதிப்பில்லை.

இதைவிடச் சுவையானது உயிர்க்குறியையும் புள்ளியையும் உரித்துவிட்டுக் கொடுப்பது. ‘மசர’ என்றால் மிசூரி. ‘யனச’ என்றால் யெனிசி. ‘நல’ என்றால் நைல். ‘கஙக’ என்றால்? ஆசியாவில் கங்கை, ஆப்பிரிக்காவில் காங்கோ. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே, கண்டத்தைச் சொன்னால்தான் விடை பிரியும். இங்கே புவியியல் இல்லாமல் புதிரை அவிழ்க்க முடியாது, அதனால்தான் எட்டாம் வகுப்புக்கு மேல் இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஓலைச்சுவடியில் புள்ளி இடாமல்தான் எழுதினார்கள் என்று இடையில் ஒரு வரி சொன்னால் தமிழ் ஆசிரியருக்கும் மகிழ்ச்சி. ஐந்தாம் வகுப்புக்கு வேண்டாம். எழுத்துக்கூட்டலே இன்னும் உறுதிப்படாத பிள்ளையிடம் பிழையான வடிவத்தைக் காட்டினால் அதுவே கையில் ஒட்டிக்கொள்ளும்.

பொருத்துக வகை போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு. நான்குக்கு நான்கு கொடுத்தால் மூன்று தெரிந்தவருக்கு நான்காவது இலவசம். இடப்பக்கம் நைல், வோல்கா, யெனிசி, டான்யூப் என நான்கு. வலப்பக்கம் மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல், காரா கடல், கருங்கடலோடு அரபிக்கடல், செங்கடல், கிழக்குச் சீனக் கடல் என ஏழு. அப்போது ஊகம் வேலை செய்யாது.

அந்தாதி விளையாட்டு, அதாவது ஒரு பெயரின் கடைசி எழுத்தில் அடுத்த பெயரைத் தொடங்குவது, கேட்க நன்றாயிருக்கும், ஆனால் ஓடாது. வோல்கா, காங்கோ, கோதாவரி என்று வரும், அங்கே நிற்கும். யாங்சி, சிந்து, துங்கபத்திரா, ராவி, பிறகு மூச்சு நின்றுவிடும். அமேசான், நைல், ஆமூர் எல்லாம் புள்ளியில் முடிவதால் யாராவது ஒன்றைச் சொன்ன நொடியே ஆட்டம் காலி.

எதை எடுப்பது

ஐந்து, ஆறாம் வகுப்புக்கு மிச்ச எழுத்து வாக்கியம் வைத்த சொல்தேடல். ஏழு முதல் ஒன்பது வரை குறுக்கெழுத்து, இரண்டு பேருக்கு ஒரு தாளும் ஒரு அட்லஸும். ஆளுக்கொரு தாள் கொடுத்தால் வேகமானவர் முடித்துவிட்டுப் பக்கத்தில் பேசுவார், இருவராக உட்கார்ந்தால் ஒருவர் துப்பைப் படிக்க மற்றவர் வரைபடத்தைத் தேடுவார். ஒரே அறையில் எல்லா வகுப்பும் கலந்திருந்தால், ஒரே குறுக்கெழுத்தை இரண்டு துப்புத் தாளோடு அச்சிடலாம். சிறியவர்களுக்கான தாளில் ஒவ்வொரு பெயரிலும் ஒரு எழுத்து முன்பே நிரப்பியிருக்கும். நிரப்பும்போது வெட்டுக் கட்டங்களை விட்டுவிட்டு மற்றதை நிரப்புங்கள். வெட்டில் ஒரு எழுத்து போட்டால் இரண்டு பெயர் உடைந்துவிடும்.

முக்கால் மணியைப் பங்கு போட்டால், எழுத்து எண்ணிக் காட்ட ஐந்து நிமிடம், கட்டத்துக்கு இருபத்தைந்து, மீதி பதினைந்தில் பெயர் இல்லாத உலக வரைபடத்தில் ஏழு ஆற்றையும் கோடு போடச் செய்வது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நேரமில்லை என்று வெட்டுவார்கள். கட்டத்தில் ஐந்து நிமிடம் குறைத்தாவது இதை வைக்க வேண்டும். பிள்ளைக்கு என்ன ஏறியது என்று தெரிவது இங்கேதான். மிசிசிப்பியைச் சரியாக எழுதிய கை அதைத் தென் அமெரிக்காவில் வரைவதும் நடக்கும்.

அச்சு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. கறுப்புக் கட்டங்களை முழுக்க நிரப்பி ஜெராக்ஸ் எடுத்தால் பக்கம் முழுக்க மை இழுபடும். மேலுள்ள கட்டத்தில் 40க்கு 23 கறுப்பு, அதனால் அவற்றுக்குக் கோடே போடாமல் வெறுமையாக விட்டுவிடுவது நல்லது. இரண்டாவது, நகலிலிருந்து நகல் எடுக்காதீர்கள். முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘ங்’ என்பது ‘ங’ ஆகி, ‘ப்’ என்பது ‘ப’ ஆகி, சொல்தேடல் கட்டம் அவிழ்க்கவே முடியாததாகிவிடும். எழுத்து அளவு 16க்குக் குறையாமல் வைத்து, எப்போதும் மூலத் தாளிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாகத் தாள் வாங்குகிறவர்கள் மலிவு என்று மெல்லிய தாளை எடுத்துவிட்டால் விடையைப் பின்பக்கத்தில் அச்சிடக் கூடாது. டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஏழு ஆறும் தெரியும், அந்த வித்தையைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.